நிங்கம்மா வீட்டுத் தூசிக் குழாய்

சன்னபட்டணத்து நிங்கம்மா ஊதுபத்தி ஏற்றாமல் ஒருநாளும் கடைசல் எந்திரத்தை ஓட்டியதில்லை. காலையில் எந்திரப் பலகையின் இடுக்கில் பத்தியைச் செருகுவாள், கண்ணை மூடிக் கும்பிடுவாள், அப்புறம்தான் சுவிட்சில் கை வைப்பாள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். அந்தப் பத்தி எரிந்து தீர்வதற்குள் பொம்மைக்கான மர வளையங்கள் ஏழெட்டாவது கடைந்து விழுந்திருக்கும்.

அத்தனை வருஷத்து மரத்தூளும் அவள் நெஞ்சில் படிந்திருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. "தூசியை நிறுத்தும்மா, இல்லேன்னா வேலையை நிறுத்து" என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை எப்படி நிறுத்துவது? சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் அரக்கு உருகி, வெள்ளை மரம் கண்ணெதிரே செக்கச்செவேலென்று மாறும். அதைப் பார்க்கத்தான் அவள் தினமும் எழுந்திருப்பதே.

மூடிப்போன ஒரு தச்சுப் பட்டறையிலிருந்து தூசி உறிஞ்சும் பழைய எந்திரத்தை வாங்கி வந்தாள். பொருத்த வந்தவன் எலக்ட்ரீஷியன் ஷபீர்.

"பிளாஸ்டிக் குழாய் வேணாம்க்கா. தூள் உரசிக்கிட்டே ஓடினா அதுல கரண்ட் ஏறும், பொறி தெறிக்கும். தகரக் குழாய் போட்டு எர்த் குடுத்துடறேன். மோட்டாரும் தூள் விழற டிரம்மும் சுவருக்கு வெளியே இருக்கட்டும்."

அரக்கு ஏற்றும்போது துணுக்கு உள்ளே போய் ஒட்டாமல் மூடிவைக்க, குழாய் வாய்க்கு ஒரு தகட்டுக் கதவும் வைத்தான்.

பக்கத்து வீட்டுக் கொழுந்தன் மாரிகௌடா வேலிமேல் சாய்ந்து நின்று பார்த்தான். அவனும் கடைசல்காரன்தான். "என்ன அண்ணி, யானை வளக்கறீங்களா? தும்பிக்கை சுவரைத் தாண்டி வருதே!"

"உன் வாய்க்கும் ஒரு மூடி போடச் சொல்றேன், இரு."

மறுநாள் காலை நிங்கம்மா வழக்கம்போல் பத்தியைச் செருகிக் கும்பிட்டாள். உறிஞ்சும் எந்திரத்தைப் போட்டுவிட்டு மரத்தில் உளியை வைத்தாள். தூள் எழும்பியது, எழும்பிய வேகத்திலேயே குழாய்க்குள் போய் மறைந்தது. கண்ணாடி ஓட்டின் வழியே விழுந்த வெயிலில் ஒரு துளி தூசி இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்படியே பத்தியைப் பார்த்தாள். புகை மேலே போகாமல் படுத்துக்கொண்டு குழாயை நோக்கி ஓடியது. அடுத்த நொடி நுனியில் நெருப்புக் கங்கு இல்லை, குழாய் இழுத்துக்கொண்டுவிட்டது.

சட்டென்று இரண்டு சுவிட்சையும் அணைத்தாள், தகட்டுக் கதவைச் சாத்தினாள், வெளியே ஓடினாள். டிரம்மிலிருந்து கருகல் வாடை வந்தது. மாரிகௌடா வேலியைத் தாண்டிக் குதித்து மூடியைப் பிடித்தான்.

"கை வைக்காதீங்க கௌடரே!" மீதிக் கம்பியை எடுத்துப்போக வந்து வாசலில் சுருட்டிக்கொண்டிருந்த ஷபீர் கத்தினான். "திறந்தா காத்து பட்டு குப்புனு பிடிச்சுக்கும்!"

குழாயைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகவே தண்ணீரை மெல்ல மெல்ல விட்டார்கள். டிரம் முழுக்க நனைந்து ஆறிய பிறகு திறந்தால், உள்ளே கைப்பிடி அளவுக்குக் கருகிய தூள் உருண்டை.

"சாமிக்கே பிடிக்கலை அண்ணி. கழட்டிப் போட்டுடுங்க."

நிங்கம்மா கங்கில்லாத பத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாமி ஒண்ணும் சொல்லலை. நெருப்பைக் கொண்டுபோய் அது வாயில வச்சது நான்தான்."

டிரம்மைக் காயவைத்து மாட்ட இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் வாசல் கதவோரம் மண் நிரப்பிய சட்டியில் பத்தியைக் குத்தினாள். எந்திரத்துக்குக் குங்குமமும் ஒரு செவ்வந்திப் பூவும் மட்டும்.

"பத்தி காட்டாம ஓட்டினா கை போயிடும்" என்றான் மாரிகௌடா.

"சாயங்காலம் வந்து எண்ணிப் பாரு. பத்து விரலும் இருக்கும்."

சாயங்காலம் வந்தான். பத்து விரலும் இருந்தன. கூடையில் சிவப்பும் மஞ்சளுமாக நூற்றிருபது வளையங்கள் இருந்தன. நிங்கம்மா ஒருமுறைகூட இருமவில்லை. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு டிரம்மைத் திறந்து காட்டினாள். கால்வாசிக்கு மாவு மாதிரித் தூள்.

"இத்தனையும் என் நெஞ்சுக்குள்ள போக வேண்டியதுடா."

மாரிகௌடா எட்டிப் பார்த்தான். ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தவனுக்கு இருமல் வந்துவிட்டது. இருமி முடித்து, "அந்த ஷபீர் எப்போ வருவான் அண்ணி?" என்றான்.

இன்றைக்கு அந்தத் தெருவில் ஆறு வீட்டுச் சுவர்களில் தகரக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆறு வீட்டிலும் பத்தி வாசலில்தான் எரிகிறது. நிங்கம்மா தினமும் கடைகிறாள்.