உள்வரிசை

வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, விரல்களை மடக்கி விரித்து, அடிவயிறு வரை மூச்சை இழுத்து விடுகிறார் தையல்காரம்மா. வாடிக்கையாளர் கால் கடுக்க நின்றாலும் இது முடிந்த பிறகுதான் கடைக் கதவு திறக்கும். "இருங்க, மகாராணி இன்னும் எந்திரிக்கல" என்று உள்ளிருந்தே குரல் கொடுப்பார். மகாராணி அந்தக் கைதான்.

மார்பில் இருந்த கட்டியை எடுத்தபோது அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். வடிய வழியில்லாமல் நீர் கையிலேயே தேங்கிவிட்டது. அன்றிலிருந்து மகாராணிக்கு நடக்கும் பணிவிடை கொஞ்சநஞ்சமல்ல. குளித்ததும் ஈரம் ஒற்றித் தோல் வெடிக்காமல் களிம்பு பூசுவார். பிறகு வீக்கத்தை அமுக்கிப் பிடிக்கும் இறுக்கமான உறையை மாட்டுவார். கனமான பையெல்லாம் இடது கைக்குத்தான். தையலுக்கு நடுவே எழுந்து தெருமுனை வரை நடந்துவிட்டு வருவார். கையைத் தோள் பக்கமாக மெல்ல நீவ வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். அந்த 'மெல்ல' மட்டும் இவருக்கு வராது.

"தடவச் சொன்னா மாவு பிசையறியேம்மா!" என்று மகள் தலையில் அடித்துக்கொள்வாள்.

"நீ சும்மா இரு. இதுக்கு இடங்கொடுத்தா தலைமேல ஏறிக்கும்."

ரவிக்கையின் வலது கைப்பகுதியை நீளவாக்கில் திறந்து, கொக்கி மாட்ட இரண்டு வரிசை நூல் வளையங்கள் போட்டிருக்கிறார். வெளிவரிசை வீங்கிய கைக்கு. உள்வரிசை பழைய கைக்கு. புதிதாக எதைத் தைத்தாலும் உள்வரிசையை விடமாட்டார். வீக்கத்தைக் கட்டுக்குள் வைக்கலாம், அடியோடு போகாது என்று மருத்துவர் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. "போகாம எங்க போகும்? பாத்துக்கிட்டே இரு."

பள்ளிச் சீருடை தைக்கும் பருவம் வந்தது. மூச்சுவிட நேரமில்லை. புழுக்கம் தாங்காமல் உறையைக் கழற்றி வைத்துவிட்டுத் தைத்தார். ஊசி விரலில் இறங்கியது. ஊசி குத்தாத தையல்காரி உண்டா? விரலைச் சப்பிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தார். சாயங்காலம் கை நெருப்பாய்ச் சிவந்து, குளிர்ஜுரத்தில் பல் கிட்டித்தது.

ஊசி குத்திய வழியே கிருமி ஏறியிருந்தது; ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வீடு வந்துவிட்டார். ஆனால் இப்போது வெளிவரிசையே எட்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, அதற்கும் வெளியே புதிதாக ஒரு வரிசை வளையம் போட்டார். பிறகு சின்னக் கத்தரியை எடுத்து ரவிக்கையின் உள்பக்கத்தைத் திருப்பினார்.

மகளுக்குப் புரிந்துவிட்டது. "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமேம்மா."

தையல்காரம்மா உள்வரிசை வளையங்களை ஒவ்வொன்றாக வெட்டி, மடியில் விழுந்த நூலைத் தட்டிவிட்டார்.