ஈரச் சட்டையும் இரண்டு ஊர்களும்

சலவைக் கடையில் வேலை செய்கிறவன் துணியைப் பார்ப்பதைவிட வானத்தைப் பார்ப்பதுதான் அதிகம். காயாத துணியைக் கையில் வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் முன்னால் பல்லிளித்த அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால், என் கஷ்டம் சொல்லாமலே புரியும். இல்லாதவர்கள் ஜூலை மாதத்தில் பெங்களூரில் ஒரே ஒரு வேட்டியைத் துவைத்துப் போட்டுப் பாருங்கள், பிறகு பேசலாம்.

பலகை செய்த பாவம்

ஐம்பதுகளின் கடைசியில் ஆஸ்டின் டவுனில் ஒரு சலவைக் கடையில் இருந்தேன். துணியை வாங்குவது, குறி போடுவது, வெளுத்து வந்ததும் மடித்துக் கொடுப்பது என் வேலை. முதலாளி நாராயணசாமி மெட்ராஸில் தொழில் கற்றவர். அங்கே அவர் வேலை பார்த்த கடை வாசலில் 'இன்று போட்டால் நாளை' என்று ஒரு பலகை தொங்குமாம். இங்கே சொந்தக் கடை வைத்தபோது அதே வாசகத்தை எழுதி மாட்டிவிட்டார். மெட்ராஸில் அது வாக்குறுதி. பெங்களூர் மழைக்காலத்தில் பச்சைப் பொய். அந்தப் பொய்க்குக் கீழே தினமும் நின்றவன் நான்.

மூன்று நாள் சேர்ந்தாற்போல் தூறினால் போதும், "பேசாம கடையைத் தூக்கிக்கிட்டு மெட்ராஸுக்கே போயிடலாம்" என்பார் முதலாளி. நானும் மெட்ராஸ்காரன்தான். ஆனால் கோடை வந்தால் கழுத்திலிருந்து இடுப்புவரை வேர்க்குரு பூத்து, சட்டை போட முடியாமல் இரண்டு வேலைகளை விட்டவன். பெங்களூர் வந்த பிறகுதான் முதுகைச் சொறியாமல் தூங்கவே ஆரம்பித்தேன். இந்தக் குளிர்ந்த ஊரை விட்டுப் போவதை நினைத்தாலே அரித்தது. இஸ்திரி போடும் பாஷா பாயிடம் சொல்லிப் புலம்பினேன். பெட்டிக்குள் கரியை விசிறிக்கொண்டே அவர் சொன்னார்: "அரே தம்பி, உன் முதுகைக் கேட்டுக்கிட்டா அவரு கடை நடத்துவாரு?"

ஆறு சட்டை ஆபீசர்

மெட்ராஸிலிருந்து மாற்றலாகி வந்த ஓர் அதிகாரி, வந்த வாரமே ஆறு வெள்ளைச் சட்டைகளைக் கொண்டுவந்து போட்டார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாற்றிப் பழகியவர். மறுநாளே வந்து நின்றார். காலர் எல்லாம் ஈரம். அங்கே தான் குளித்துவிட்டு வருவதற்குள் சட்டை காய்ந்திருக்கும் என்று ஒரு பிரசங்கம் செய்தார். நான் வானத்தைக் காட்டினேன். அவர் பலகையைக் காட்டினார். ஜெயித்தது அவர்தான்.

ஐந்து மாதம் போயிற்று. அவரிடமிருந்து வாரத்துக்கு இரண்டு சட்டைகள்தான் வந்தன. கோபத்தில் வேறு கடைக்குப் போகிறாரோ என்று மெதுவாக விசாரித்தேன். உள்ளே உட்கார்ந்திருந்த முதலாளியும் காதைத் தீட்டிக்கொண்டார். அதிகாரி வெட்கத்தோடு சிரித்தார். "ஒரே சட்டையை மூணு நாள் போடறேன்பா, வேர்த்தாத்தானே அழுக்காகும்? திரும்ப மெட்ராஸுக்குத் தூக்கியடிச்சிடுவாங்களோன்னுதான் இப்ப பயமா இருக்கு!"

மின்விசிறி மாட்டிய வீடு

"வெயிலும் இல்ல, வேர்வையும் இல்ல, இந்த ஊர்ல யாரு சலவைக்குப் போடுவான்?" என்று முதலாளி அன்று முழுக்க முணுமுணுத்தார். இந்த நேரத்தில்தான் பிரேசர் டவுனிலிருந்து, ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் கம்பளிச் சால்வையோடு வந்து சேர்ந்தார். ஊர் முன்போல இல்லை, சூடு ஏறிவிட்டது என்பது அவர் கட்சி. தோழி ஒருத்தி வீட்டுக்கூடத்தில் மின்விசிறி மாட்டியதால் அந்த வீட்டு ஜெபக்கூட்டத்துக்கே அவர் போவதை நிறுத்திவிட்டார். பெங்களூர் வீட்டில் மின்விசிறி என்பது அவருக்கு அவ்வளவு பெரிய அவமானம்.

எனக்கு ஒரு நப்பாசை. ஊர் கொஞ்சம் சூடானால் துணி காயும், முதலாளியும் கடையை மாற்ற மாட்டார். ரொம்பச் சூடானால் என் முதுகு தாங்காது. "நிஜமாவே வெயில் ஏறிடுச்சுங்களா டீச்சர்?" என்று கேட்டேன். அவர் சால்வையை மறுபடி தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு யோசித்தார். "வெயில் ஏறினதால ஃபேன் மாட்டினாங்களா, ஃபேன் மாட்டினதால வெயில் ஏறிச்சான்னு எனக்கே டவுட்டா இருக்கு தம்பி."

புகை மணத்த மாப்பிள்ளை

நீலசந்திராவிலிருந்து வரும் மில் தொழிலாளி ஒருவருக்கு இருந்தது ஒரே ஒரு நல்ல சட்டை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போக வேண்டும் என்று அதைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்குப் பிடித்த மழை ஐந்து நாள் விடவில்லை. சனிக்கிழமையும் சட்டை சொதசொதவென்று இருந்தது. நானே யோசித்து, பாஷா பாயின் கரி அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காய வைத்துக் கொடுத்தேன். என் சாமர்த்தியத்தில் எனக்கே ஒரு பெருமை.

திங்கட்கிழமை காலையில் அவர் கடை வாசலில் நின்றார். "பேஜார் பண்ணிட்டீங்க சார்! சட்டை பூரா புகை வாசனை. வீட்டுல சமையல் நீங்கதானான்னு பொண்ணோட அம்மா கேக்கறாங்க!" என்றார். சம்பந்தம் தட்டிப் போய்விட்டதா என்று கேட்கவே தைரியம் வரவில்லை. அவரே சொன்னார்: "அதைக் கேட்டுத்தான் சார் பொண்ணு சரின்னுடுச்சு. இப்ப நான் அவசரமா சமையல் கத்துக்கணும்!"

வீட்டில் ஒரு ஓட்டெடுப்பு

பாஷா பாய் விழுந்து விழுந்து சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. புகை போட்டுத் துணி உலர்த்துகிற ஊரில் இனிப் பிழைப்பு இல்லை என்று சொல்லிவிட்டு, மெட்ராஸில் கடைக்கு இடம் பார்க்க ரயில் ஏறிவிட்டார்.

ஆறுதல் கிடைக்குமென்று மனைவி சரசாவிடம் சொன்னேன். அவள் திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவள். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. என் வேர்க்குருவை நினைவுபடுத்தினேன். சந்தனம் பூசினால் போயிற்று என்றாள். "அங்க சாயந்திரமானா காத்துக்குன்னு கதவைத் திறந்து வைப்பாங்க. இங்க காத்துன்னாலே கதவைச் சாத்தறாங்க. இதெல்லாம் ஒரு ஊரா?"

முதலாளி திரும்பி வந்தார்

மறுநாளே வேர்க்குருப் பவுடர் ஒரு டப்பா வாங்கி வைத்துவிட்டேன். நான்காம் நாள் முதலாளி திரும்பி வந்தார். முகம் கறுத்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெளியே தூறல். அதைத் திட்டாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு அது விபரீதமாகப் பட்டது. இடம் கிடைத்ததா என்று கேட்டேன். நல்ல இடம் கிடைத்ததாம். வெயில் கொளுத்துகிறதாம், சட்டைகளில் அழுக்குக்கும் குறைவில்லையாம்.

அவ்வளவுதான், டப்பாவைத் திறக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். பாஷா பாய் டீ வாங்கிவந்து கொடுத்தார். அதை ஒரு வாய் குடித்த பிறகுதான் முதலாளிக்குப் பேச்சு வந்தது. "எந்தத் தெருவுல பாத்தாலும் மொட்டை மாடி பூராத் துணி. காலையில துவைக்கறான், பத்து மணிக்கு மடிச்சு வெச்சுக்கறான். நான் தொழில் கத்த கடையில இப்ப பாத்திரம் விக்கறாங்க. சூரியனே ஓசியில தொழில் பண்ற ஊர்ல நமக்கென்னய்யா வேலை? வீட்டுல காயலைன்னாத்தான் ஜனம் நம்மகிட்ட வரும்!"

அந்த நிமிஷம் அவர் காலில் விழுந்திருப்பேன். அத்தனை நாள் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியதில் முதுகுகூடக் குளிர்ந்தது. சரசா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த வாரமே பெயிண்டரைக் கூப்பிட்டு, முதலாளி பலகையில் ஒரே ஒரு வார்த்தையை அழித்து எழுத வைத்தார். 'இன்று போட்டால் காய்ந்ததும்' என்று ஆயிற்று. அதைப் படித்த பாஷா பாய் சொன்னார்: "இப்பத்தான் முதலாளி பெங்களூர்க்காரர் ஆனாரு."

அதற்குப் பிறகு, வாடிக்கையாளர் மழையைத் திட்டும்போது கூடச் சேர்ந்து திட்டிவிட்டு, உள்ளே போய் அதே மழைக்கு ஒரு கும்பிடு போட்ட சலவைக் கடைக்காரன் அந்த ஊரிலேயே நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.