பத்தாவது ரேங்க்கும் பாவாவின் கோபமும்

இந்த ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் பாவா வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

பாவா என்றால் என் அக்காவின் கணவர். பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி வைத்து லுங்கி நெய்கிறவர். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் ஒரு கிருத்திகைக்கும் தவறியதில்லை. பூக்காவடி எடுத்து, மலையேறி, சாமி பார்த்துவிட்டு, நேராகத் திருத்தணியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து இலை முன்னால் உட்காருவார். இந்த வருஷம் காவடி எடுப்பாராம். மலையும் ஏறுவாராம். இறங்கி அப்படியே பஸ் பிடித்துப் போய்விடுவாராம்.

மருமகன்கள் கோபித்துக்கொள்வது ஊரில் புதிதா என்ன? மோதிரம் மெலிசாகப் போய்விட்டது, பத்திரிகையில் பெயரைக் கீழே போட்டுவிட்டார்கள், பந்தியில் இரண்டாவது அப்பளம் வைக்கவில்லை — காரணத்துக்கா பஞ்சம்? ஆனால் ஒரு ஜப்பான் படக்கதைக்கு மச்சான் போட்ட ரேங்க் பிடிக்காமல் முறுக்கிக்கொண்ட மருமகன், எனக்குத் தெரிந்து எங்கள் பாவா ஒருவர்தான்.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அப்புறம் சிரியுங்கள்.

ஜப்பானில் பையன்களுக்கென்றே வாராவாரம் தலையணை தடிமனில் பத்திரிகை போடுகிறார்கள். உள்ளே இருபது படக்கதைகள், எல்லாம் தொடர். படக்கதைக்கு மங்கா என்று பெயர். பையன்களுக்கானது என்பதால் ஷோனென் மங்கா. ஒரு கதைக்கு வாரம் பத்தொன்பது பக்கம் வரைந்து தந்தாக வேண்டும். வாசகர்கள் வாராவாரம் ஓட்டுப் போடுவார்கள். ஓட்டு குறைந்தால் கதை பத்திரிகையின் பின்பக்கத்துக்குப் போகும். இன்னும் குறைந்தால் சட்டென்று 'முற்றும்' போட்டுவிடுவார்கள். நம் டிவி சீரியல்களுக்கும் இப்படி ஓர் ஏற்பாடு இருந்திருந்தால்... சரி, வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு இங்கிலீஷில் செல்போனிலேயே வந்துவிடும். ஊரடங்கில் தறி நின்றிருந்த நாட்களில், சும்மா உட்காரத் தெரியாத பாவா எதையோ தேடப் போய் இதில் விழுந்தார். விழுந்தவர் என்னையும் இழுத்துக்கொண்டார்.

மூன்றாவது ஆள் நாசர் பாய். பைபாஸ் ஓரத்தில் டூவீலர் மெக்கானிக். ஒருநாள் அவர் ஷெட்டில் என் வண்டி ரெடியாகும் வரை ஸ்டூலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். பாய் ஸ்பேனரோடு எட்டிப் பார்த்தார்.

"ரைட்டரே, இது போன வாரத்துது. புதுசு வந்து ரெண்டு நாளாச்சு."

அன்றைக்கே வாட்ஸப்பில் குரூப் ஆரம்பித்துவிட்டோம். மூன்று பேர். மூன்று பேர் வயதையும் கூட்டினால் நூற்று ஐம்பதைத் தாண்டும். படிப்பது என்னவோ பையன்கள் பத்திரிகை!

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் மூவரும் நாங்கள் தொடர்ந்து படிக்கிற பத்து கதைகளுக்கு ரேங்க் போட்டு அனுப்ப வேண்டும். பாய் கூட்டிப் பார்த்து முடிவு சொல்வார். நான் ரேங்க் போடுவதில் கறார். கூடவே ஒரு வரி விமர்சனமும் எழுதுவேன். எழுதுகிறவன் கையில் ஒரு வரி கிடைத்தால் சும்மா விடுவானா?

பாவாவுக்கு உயிர், ஒரு குயவன் மகன் கதை. அந்தப் பையன் மண்ணைப் பிசைந்து, சக்கரம் சுற்றி, தானே சுட்டு எடுத்த பானையில் பூதங்களைப் பிடித்து அடைப்பான். நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'பானைப் பையன்'. மற்ற ஹீரோக்களுக்குப் பிறக்கும்போதே ஒரு சக்தி வந்துவிடுகிறது, இவன் ஒருத்தன்தான் வேலை செய்து சாப்பிடுகிறான் என்பது பாவாவின் கட்சி.

ஆனியில் அந்தக் கதைக்கு என்னவோ ஆனது. சண்டை போடுகிறவர்களுக்குப் பின்னால் மலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. தள்ளி நிற்கிறவர்களுக்குக் கண் இல்லை, மூக்கு இல்லை. மூன்று வாரம் தொடர்ந்து பத்தாவது ரேங்க் போட்டேன். மூன்றாவது வாரம் என் ஒரு வரி இது: "என்ன, இந்த வாரம் இடது கையால் வரைந்தாரா?"

பாய் சிரிக்கிற பொம்மை மூன்று போட்டார். பாவா ஒன்றும் போடவில்லை.

வெள்ளிக்கிழமை ஜப்பானிலிருந்து அறிவிப்பு வந்தது. பானைப் பையனை வரைகிறவருக்கு வலது மணிக்கட்டில் கோளாறு. சில வாரங்களாக வலியோடுதான் வரைந்துகொண்டிருந்தார். டாக்டர்கள் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார்கள். மறுபடி எப்போது வரும் என்று இப்போது சொல்வதற்கில்லை.

பாவா அந்த அறிவிப்பை குரூப்பில் போட்டார். அடுத்த நிமிஷம் குரூப்பை விட்டு வெளியேறினார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒளிப்பானேன், ரொம்பவே வெட்கமாக இருந்தது. நானும் வாராவாரம் பத்திரிகைக்கு எழுதிக் கொடுக்கிற ஆள்தான். ஜுரத்தோடு எழுதிய வாரங்கள் உண்டு. அதையெல்லாம் மறந்துவிட்டு, முகம் தெரியாத ஒரு மனுஷனின் கையைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

இந்த நிலைமையில்தான் கிருத்திகைக்கு வரமாட்டேன் என்ற செய்தி வந்தது. அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா நைனா சொன்ன நீ அவர?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

"ஒண்ணும் சொல்லாமயா மனுஷன் மூஞ்சியத் திருப்பிகினு போறாரு? மருமவன் வராம நான் யாருக்கு எல போடறது? சொந்தக்காரங்க கேட்டா இன்னான்னு சொல்றது?"

எதைச் சொல்வது? பூதம், பானை, மணிக்கட்டு... எங்கே ஆரம்பிப்பது? பயந்துகொண்டே அக்காவுக்கு போன் போட்டு நடந்ததை அப்படியே சொன்னேன். முழுசாகக் கேட்டாள்.

"பொய் சொல்றதுன்னா நம்பற மாதிரி சொல்லுடா" என்று வைத்துவிட்டாள்.

வேறு வழியில்லை. கிருத்திகைக்கு ஐந்து நாள் இருக்கும்போது பொதட்டூர்பேட்டைக்கு பஸ் ஏறினேன்.

விசைத்தறி ஷெட்டுக்குள் போயிருக்கிறீர்களா? பக்கத்தில் நிற்பவர் வாய் அசைவதுதான் தெரியும், பேச்சு கேட்காது. பாவா என்னைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி, ஓடுகிற தறியில் கட்டம் போட்ட லுங்கியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கோங்க பாவா!"

"இன்னாது?"

"மன்னிச்சுக்கோங்கன்னேன்!"

"கேக்கல!"

கேட்டது. எனக்குத் தெரியும், நன்றாகவே கேட்டது. மூச்சை இழுத்துப் பிடித்து, அடிவயிற்றிலிருந்து, "தப்பு என்னுதுதான் பாவா!" என்று கத்தினேன்...

கரெக்டாக அந்த விநாடி கரண்ட் போனது.

எட்டு தறியும் ஒன்றாக நின்ற அந்த அமைதியில் என் குரல் மட்டும் தெருக்கோடி வரைக்கும் போயிற்று. தறியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. பாவாவின் மீசை லேசாக ஆடியது. சிரிப்பை அடக்குகிறார். ஆனால் முறுக்கை விட்டுக்கொடுப்பாரா?

"மூணு வாரமா படம் சரியில்லன்னு உன் கண்ணுக்குத் தெரிஞ்சிது இல்ல? நெய்யற துணியில வரிசையா கொறை வந்தா நான் மொதல்ல இன்னா கேப்பேன்? ஏம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லயான்னு கேப்பேன். நீ இன்னா கேட்ட?"

அருமையான கேள்வி. நான் தலை குனிந்தேன். ஆனால் இரண்டாவது தறியில் நெய்கிற கன்னியம்மாவால் பொறுக்க முடியவில்லை.

"போன மாசம் எனக்கு ஜொரம் வந்தப்ப நீங்க இன்னா கேட்டீங்கன்னு நான் சொல்லட்டாண்ணா?"

"நீ சும்மா இரு கன்னியம்மா" என்றார் பாவா அவசரமாக.

வெளியே வேப்பமரத்தடியில் சமாதானப் பேச்சு தொடர்ந்தது. பாவா இரண்டு நிபந்தனை வைத்தார். ஒன்று, வரைகிறவர் பேருக்கு மலைக்கோயிலில் நான் அர்ச்சனை பண்ண வேண்டும். இரண்டு, இந்த வாரம் பானைப் பையனுக்கு முதல் ரேங்க் போட வேண்டும்.

"பாவா, இந்த வாரம் கதையே வரலயே. அவரு லீவு."

"லீவுக்குப் போடு."

"லீவுக்கு எப்படிப் பாவா ரேங்க் போடறது?"

"மத்த ஒம்பது கதையவிட அவரு லீவு நல்லாதான் கீது."

அர்ச்சனைக்கு ஒப்புக்கொண்டேன். வராத கதைக்கு ரேங்க் போட முடியாது என்று சொல்லிவிட்டேன். உறவு வேறு, ரேங்க் வேறு. பாவா, "மொதல்ல அர்ச்சனைய முடி, கிருத்திகைக்கு வர்றதப் பத்தி அப்பால சொல்றேன்" என்றுவிட்டார்.

மறுநாள் காலையில் பாவா திருத்தணி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்க, நாசர் பாய் ஓர் ஆட்டோவோடு வந்து நின்றார். டூவீலர் மெக்கானிக்குக்கு ஆட்டோ ஏது? தெரிந்தவர் ரிப்பேருக்கு விட்டதாம். மலைப்பாதையில் ஏற்றிப் பார்த்தால் ட்ரையல் பார்த்த மாதிரியும் ஆச்சாம். மேலே போய் வண்டியை நிறுத்திவிட்டு, "நீங்க போய் வாங்க. நான் வெள்ளிக்கிழம தொழுகையிலயே துவா பண்ணிட்டேன். நீங்கதான் லேட்டு" என்றார்.

அர்ச்சனைச் சீட்டும் தேங்காய்த் தட்டுமாக நானும் பாவாவும் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தது. குருக்கள் தட்டை வாங்கினார்.

"பேரு?"

நான் பாவாவைப் பார்த்தேன். பாவா என்னைப் பார்த்தார். அந்த மனுஷன் சொந்தப் பெயரில் வரைகிறவர் இல்லை. புனைபெயர். நிஜப்பெயர் ஜப்பானிலேயே யாருக்கும் தெரியாது. போட்டோ கூடக் கிடையாது.

"பேரு தெரியாது சாமி" என்றார் பாவா.

"நட்சத்திரம்?"

"தெரியாதுங்க."

"உங்களுக்கு என்ன வேணும்?"

"தெரிஞ்சவருதாங்க. ஜப்பான்ல கீறாரு."

"ஓ... சாஃப்ட்வேரா?"

"இல்லீங்க, படம் வரையறவரு. வலது கை மணிக்கட்டுல நோவு. வாரம் பத்தொம்பது பக்கம் வரையணும் சாமி, ஒத்த ஆளு."

பின்னால் வரிசை நெளிந்தது. குருக்கள் ஒரு விநாடி எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். எத்தனை எத்தனை வேண்டுதல்களைக் கேட்டிருப்பார்! இது அவருக்கும் புதுசுதான்.

"சரி, சுவாமி பேருக்கே பண்ணிடறேன். யாருக்குப் போகணுமோ போய்ச் சேரும்."

பண்ணினார். தீபாராதனை காட்டினார். விபூதி கொடுக்கும்போது, போகிற போக்கில் ஒன்று கேட்டார் பாருங்கள்...

"அவ்வளவு நன்னா வரைவாரா?"

பாவா விபூதியைப் பூசிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். எதிரே முருகன். பக்கத்தில் பாவா. நடுவில் மூன்று வாரம் பத்தாவது ரேங்க் போட்டவன். பொய் சொல்லக்கூடாத இடம் அது. உண்மையைச் சொன்னால் பந்தியில் ஓர் இலை குறையும்.

"நல்லா வரைவாரு சாமி... ஒடம்பு நல்லா இருந்தா."

யோசித்துச் சொன்னதில்லை, தானாக வந்தது. சொன்ன பிறகுதான் அது பொய்யில்லை என்று எனக்கே தெரிந்தது.

பிரகாரத்தை ஒரு சுற்று சுற்றி வந்தோம். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே பாவா கேட்டார்.

"மச்சான், கிருத்திகைக்கு அத்தே பாயசத்துல முந்திரி போடுவாங்க இல்ல?"

"போடுவாங்க பாவா."

"போன வருஷம் கம்மியா இருந்திச்சி."

கிருத்திகையன்று வந்தார். மஞ்சள் வேட்டியோடு உட்கார்ந்து நான்கு வடை சாப்பிட்டார். என்னதான் பிரச்சினை என்று அம்மா துருவித் துருவிக் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல அத்தே, சின்ன விஷயம்" என்று முடித்துக்கொண்டார். அம்மா இன்னும் நம்பவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எதையோ மறைக்கிறோம் என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பத்து வாரம் கழித்து, போன ஞாயிற்றுக்கிழமை பானைப் பையன் திரும்பி வந்தான்!

பத்தொன்பது பக்கம் இல்லை, பதின்மூன்று. ஆனால் மலை மலையாக இருந்தது. தூரத்தில் நிற்கிறவனுக்கும் மூக்கு இருந்தது. கதை என்ன என்றுகூடச் சரியாகப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை முதல் ஆளாக, முதல் ரேங்க் போட்டு அனுப்பினேன். விமர்சன வரியில் "வாருங்கள்" என்று மட்டும் எழுதினேன். நாசர் பாய் நான்காவது ரேங்க் போட்டார். அர்ச்சனை முடிந்த அன்றே குரூப்புக்குத் திரும்பிவிட்ட பாவாவின் ரேங்க், ஒன்பது மணிக்குச் சரியாக இரண்டு நிமிஷம் முன்னால் வந்தது.

பத்து.

கை தவறியிருக்கும் என்று உடனே போன் போட்டேன். தறிச் சத்தம் கேட்காத இடத்துக்கு நடந்து வந்து பேசினார்.

"கையெல்லாம் தவறல மச்சான், பாத்துதான் போட்டேன். பதிமூணு பக்கத்துல எட்டு பக்கம் பானையே சுட்டுகினு கீறான். சண்ட எங்க? பூதம் எங்க?"

"பாவா! பாவம், இப்பதான் ஒடம்பு தேறி வந்துகீறாரு..."

"ஆங், அதான் நானும் சொல்றேன். தேறிட்டாரு இல்ல? ஒடம்பு முடியாதவர திட்டக்கூடாது. தேறினவர திட்டித்தான் ஆவணும். இல்லாங்காட்டி, தாம் தேறிட்டோம்னு அவருக்கு எப்பிடித் தெரியும்?"

தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்று நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.