டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்

சீரியல் டாக்டர்கள் சாவுச் செய்தியை எப்படிச் சொல்வார்கள் என்பது எனக்கு அத்துப்படி. முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார்கள். பிறகு நோயாளியை விட்டுவிட்டு அவன் பெண்டாட்டியைத் தனியாகக் கூப்பிடுவார்கள். என் மனைவி பார்க்கிற சீரியலைத் திட்டிக்கொண்டே, பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒன்று விடாமல் பார்த்ததில் வந்த படிப்பு இது.

மாரண்டஹள்ளியில் ஒரு நாள் காலை, தக்காளி மண்டிக்குக் கிளம்பும்போது நெஞ்சில் சுருக்கென்றது. பைக்கை வூட்டிலேயே விட்டுவிட்டு, மனைவியோடு பாலக்கோட்டுக்குப் பஸ் ஏறினேன். டாக்டர் ஈசிஜி எடுத்தார். டிவியில் கோடு நேராகப் போனால்தான் ஆபத்து; என்னுடையது தக்காளி விலை மாதிரி ஏறி ஏறி இறங்கியது. கொஞ்சம் தெம்பு வந்தது.

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

"ரெண்டே ரெண்டு இட்லிங்க சார்."

டாக்டர் என்னையே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க. அம்மா, நீங்க மட்டும் இருங்க."

வெளியே பெஞ்சில் விழுந்து, மச்சானுக்குப் போன் போட்டேன்.

"மாப்ள, என் கதை முடிஞ்சிருச்சு. உங்க அக்காவப் பாத்துக்க. என் பைக்க நீயே வெச்சுக்க."

சீரியலாக இருந்தால் அவன் முகத்தை மூன்று தடவை காட்டி, இடி இடித்திருப்பார்கள்.

"சரிங்க மாமா," என்றான். "சாவி எங்கீங்க இருக்குது?"

ஆணியில் மாட்டியிருப்பதைச் சொல்லிவிட்டு நிமிர்ந்தால், மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வருகிறாள். தோள் குலுங்குகிறது.

"எதுவா இருந்தாலும் சொல்லு, தாங்கிக்கறேன்."

"வயித்துல கேஸுங்க." அதற்கு மேல் அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இவரு சொல்றது நெசமாம்மான்னு கேட்டாரு. கெடா விருந்துல ரெண்டு பந்தி உக்காந்தாருங்கன்னு சொன்னேன்."

"அப்ப எதுக்குடி கண்ணாடியக் கழட்டுனாரு?"

"தொடைக்கத்தான்."

மாத்திரையோடு வூடு வந்து சேர்ந்தால், பைக் நின்ற இடத்தில் ஆயில் சொட்டு மட்டும் இருந்தது. திரும்பப் போன் போட்டேன்.

"மாப்ள, ஒண்ணுமில்லையாம். வெறும் கேஸாம்."

"ரொம்ப சந்தோசங்க மாமா. இப்பத்தான் டேங்க் ரொப்பிட்டு நிக்கறேன்."

இப்போது மண்டிக்கு டவுன் பஸ்ஸில்தான் போகிறேன். பைக்கைக் கேட்டால், சாகப்போற மனுசன் ஆசையாக் குடுத்ததைத் திருப்பித் தரக்கூடாதுங்க என்கிறான்.

"நான்தான் சாகலையேடா?"

"அதுக்கு நான் என்னங்க மாமா பண்ணட்டும்?"