மலைக்குப் போகும் முன் நான் எடுத்துக்கொடுத்த புத்தகம்

லீவுக்கு ஊர் போகிறவர்கள் பெட்டி கட்டும் முன் என்னிடம்தான் வருவார்கள். நான் டாக்டர் இல்லை, டிக்கெட் போட்டுக் கொடுக்கிறவனும் இல்லை. லைப்ரரியில் புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறவன். "கடற்கரைப் பக்கம் போறோம் சார், என்ன படிச்சுட்டுப் போகலாம்?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், எனக்குத் தலையில் கொம்பு முளைத்துவிடும். எத்தனை நாள், யார் யார், பஸ்ஸா ரயிலா என்று குடைந்து கேட்டுவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பேன்.

என் கணக்கில் ஒரு இடத்துக்குப் போகும் முன் மூன்று புத்தகம் படிக்க வேண்டும். அந்த இடத்தில் பிறந்தவர் எழுதியது ஒன்று, வெளியிலிருந்து வந்தவர் எழுதியது ஒன்று, சிரிக்க வைப்பது ஒன்று. மலைக்கு மட்டும் அந்த முதல் புத்தகம் என்னிடம் இல்லை. "அங்க பிறந்தவங்க யாரும் உருப்படியா எழுதலைங்க" என்று சொல்லிக் கையை விரித்துவிடுவேன். அங்கே பிறந்த ஒருத்தி என் வீட்டிலேயே எனக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

அவள்தான் என் மனைவி. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஃப்ரேமில் கண்ணாடி மாட்டுவது, மூக்கில் அழுத்தாமல் வளைத்துக் கொடுப்பது, ஆணி விழுந்தால் போட்டுத் தருவது எல்லாம் அவள்தான். கண்ணாடியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் ஒரு தரம் பிடித்தாலே என்ன பவர் என்று சொல்லிவிடுவாள். கடை முதலாளி மெஷினில் வைத்துப் பார்த்தால் அதுதான் இருக்கும். வீட்டில் அதிகம் பேச மாட்டாள். பேசினால் சுருக்கென்று பேசுவாள். ஒரு தடவை நான் அரைமணி நேரம் ஒரு நாவலைப் பற்றி அளந்துகொண்டிருந்தபோது, "ஏங்க, மூச்சு விட்டுக்கோங்க, அது எங்கயும் ஓடாது" என்றாள். அவளிடம் ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. பாத்ரூம் கதவுக்குத் தாழ் போட மாட்டாள். சும்மா சாத்திவிட்டு, யாரும் வந்துவிடாமல் இருக்கச் சத்தமாகப் பாடுவாள். குரலும் அப்படி ஒன்றும் பிரமாதம் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதை ஒரு ஜோக்காகச் சொல்லிச் சிரிப்பேன்.

பதினாலு வயது வரை அவள் மலையில் இருந்தாள். அம்மா இறந்த பிறகு சித்தி கீழே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாராம். கல்யாணமான புதிதில் அவள் சொன்னது இவ்வளவுதான். அதற்கு மேல் சொல்ல நான் விட்டால்தானே! "உங்க ஊரை எனக்கு நல்லாத் தெரியும். ஒரு புத்தகம் படிச்சிருக்கேன் பாரு, சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாயிடும்" என்று ஆரம்பித்து, முதல் வாரத்திலேயே ஏழாம் அத்தியாயத்தை முழுசாக நடித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. பாவம், நகைச்சுவை புரியாது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

அந்தப் புத்தகத்தை எழுதியவர் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் மேனேஜராக இருந்தவர். மழை, அட்டைப்பூச்சி, காட்டுப்பன்றி, பங்களா விருந்து எல்லாம் அதில் உண்டு. ஏழாம் அத்தியாயம் சமையல்காரியின் மகளைப் பற்றியது. ஒன்பது வயசுப் பெண், பங்களாவில் எடுபிடி. ஒரு நாள் முழுக்க ஆளைக் காணோம். சாயங்காலம் விருந்தாளிகளுக்குக் காபி போட, பால்பவுடர் எடுக்க ஸ்டோர் ரூமைத் திறந்தால், பவுடர் டப்பாவைக் கட்டிப் பிடித்தபடி உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். கண் இரண்டையும் தவிர முகமெல்லாம் வெள்ளை. மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டி, "வெள்ளெலி" என்று பெயரும் வைத்துவிடுகிறார். கடைசி வரி இது: "எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தது அவளைப் பெற்றவள்தான்."

அந்த வரியில் நான் ஒரு சிரிப்புச் சிரிப்பேன் பாருங்கள், ஒரு பெண் அடக்கமாட்டாமல் சிரிக்கிற மாதிரி. அதற்கே தனியாகக் கைதட்டு விழும். எங்கள் லைப்ரரி வாசகர் வட்டத்தில் நான் அதை வாசிக்காத வருஷம் இல்லை.

போன வருஷம் அந்த வாசகர் வட்டம் லீவுக்கு மலைக்குப் போவதென்று முடிவானது. வட்டத்தின் தலைவர் ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர். எதையும் மணி அடித்துச் செய்தால்தான் அவருக்குத் திருப்தி. "போறதுக்கு முன்னாடி எல்லாரும் படிச்சாகணும். லிஸ்ட் நீங்க போடுங்க" என்றார் என்னிடம். பதினான்கு பேருக்கும் நான் போட்ட லிஸ்ட்டில் முதலில் இருந்தது மேனேஜர் புத்தகம். அந்தப் பங்களா இப்போது விடுதியாகிவிட்டது என்று கண்டுபிடித்து, அங்கேயே அறை போட வைத்ததும் நான்தான். அந்த ஸ்டோர் ரூம் வாசலில் நின்றபடி நான் ஏழாம் அத்தியாயம் வாசிப்பதாக ஹெட்மாஸ்டர் நிகழ்ச்சி நிரலே தயார் செய்துவிட்டார்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. எல்லோரும் படித்துவிட்டு வந்திருந்தார்கள், பேச்செல்லாம் வெள்ளெலியைப் பற்றித்தான். மருந்துக்கடை நடத்தும் அக்கா ஒருவர் எங்கள் வட்டத்தில் உண்டு, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத ஆள். காபி கொண்டுவந்த என் மனைவியிடம் அவர், "நீ அந்தப் பக்கம்தானேம்மா? இப்படி வாலுப் பசங்க நிறைய இருந்திருக்குமே?" என்று கேட்டார். அவள், "இருந்தாங்கக்கா" என்று சொல்லிவிட்டு, காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எல்லோரும் போன பிறகு, "நான் வரலைங்க" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "பேர் கொடுத்தாச்சு, ரூம் போட்டாச்சு, இப்ப வந்து வரலைன்னா? உன் ஊரைப் பார்க்க ஊரே கிளம்புது, உனக்கு மட்டும் என்ன வந்தது? நாலு புத்தகம் படிச்சிருந்தா தெரியும் அந்த இடத்தோட அருமை!"

டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தவள் கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அந்தப் பொண்ணு நான்தாங்க."

எந்தப் பொண்ணு என்று கேட்டேன். வெட்கமில்லாமல் அப்படித்தான் கேட்டேன்.

"காலையில ஸ்டோர் ரூமைப் பெருக்கப் போனேன். உள்ள ஆள் இருக்கிறது தெரியாம யாரோ பூட்டிட்டாங்க. வந்த விருந்தாளிகளோட எல்லாரும் ஆத்துக்குக் குளிக்கப் போயிட்டாங்க. சாப்பாட்டுக் கூடையத் தூக்கிக்கிட்டு அம்மாவும் கூடப் போயிட்டாங்க. நான் வீட்டுக்கு ஓடிட்டேன்னு அம்மா நினைச்சிருக்காங்க. கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். பசி தாங்கல. அங்க இருந்ததுல எனக்குத் திறக்கத் தெரிஞ்சது அந்த டப்பா மட்டும்தான். சாயங்காலம் திறந்தாங்க. பாவாடையெல்லாம் நனைஞ்சு கிடந்தது. அதோட நிக்க வச்சு, ஒவ்வொருத்தரா வந்து பார்த்தாங்க. அதை அவர் எழுதலை, இல்லையா?"

எழுதவில்லை. அந்தப் புத்தகம் எனக்கு மனப்பாடம். அதில் அது இல்லை.

"அம்மா சிரிச்சாங்க, நிஜம்தான். அழுதா வேலை போயிடுமே. அங்க நின்னு சிரிச்சிட்டு, வீட்டுக்கு வந்து என்னைக் குளிப்பாட்டும்போது அழுதாங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இருபத்திரண்டு வருஷம்! எத்தனை பேர் முன்னால், எத்தனை விதமான குரலில், அவள் அம்மாவின் சிரிப்பை நான் சிரித்துக் காட்டியிருக்கிறேன்! அவள் அடுக்களையில் நின்று அத்தனையையும் கேட்டிருக்கிறாள். பாத்ரூம் தாழ் நினைவுக்கு வந்தது. படிக்கிற மனுஷனாம் நான், பெரிய படிப்பாளி.

"ஏம்மா என்கிட்ட சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? கல்யாணமான முதல் வாரமே நீங்க நடிச்சுக் காட்டிட்டீங்க. சொல்லியிருந்தா என்னைப் பார்க்கும்போதெல்லாம் உங்களுக்கு அந்த வெள்ளெலிதான் தெரிஞ்சிருப்பா."

நானும் போகவில்லை என்றேன். அதற்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு தூரம் ஏற்பாடு செய்துவிட்டு நீங்கள் போகாவிட்டால் ஏன் என்று துருவுவார்கள், இது யாருக்கும் தெரிய வேண்டாம் என்றாள். பிறகு, "போயிட்டு வாங்க. ஆனா அந்தக் கதவுகிட்ட நின்னு அதை வாசிக்காதீங்க. எனக்கு அது ஒண்ணு போதும்" என்றாள். இத்தனை வருஷத்தில் எனக்காக இதைச் செய்யுங்கள் என்று அவள் எதையும் கேட்டவள் இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சத்தியமா வாசிக்க மாட்டேன்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

பஸ்ஸில் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிவிட வேண்டியது, அவ்வளவுதான். பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை பத்து மணிக்கு ஹெட்மாஸ்டர் எல்லோரையும் சமையலறைக்குப் பின்னால் அழைத்துக்கொண்டு போனார். ஸ்டோர் ரூம் அப்படியே இருந்தது. பச்சைக் கதவு, வெளியில் மட்டும் தாழ்ப்பாள். உள்ளே ஓர் ஆள் படுத்தால் கால் இடிக்கும். எட்டாத உயரத்தில் கையகல ஜன்னல் ஒன்று. மருந்துக்கடை அக்கா உள்ளே குந்தி உட்கார்ந்து, "என்னைப் போட்டோ எடுங்க, நான்தான் வெள்ளெலி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"சார், ஆரம்பிக்கலாம்" என்றார் ஹெட்மாஸ்டர்.

தொண்டையைத் தடவிக் காட்டி, "குரலே வரலைங்க சார், இன்னிக்கு விட்டுடுங்க" என்றேன். அக்கா உடனே பையிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுத்தார். அதையும் வாயில் போட்டுக்கொண்டு தலையை ஆட்டினேன். தப்பித்தேன் என்றே எண்ணினேன். அப்போது ஹெட்மாஸ்டர், "நிகழ்ச்சியை நிறுத்தக்கூடாது, நானே வாசிக்கிறேன்" என்று புத்தகத்தைத் திறந்தார்.

வாசித்தார் பாருங்கள், வருகைப் பதிவேடு வாசிக்கிற மாதிரி. எங்கே நிறுத்துவது, எங்கே இழுப்பது ஒன்றும் தெரியவில்லை. மேனேஜர் கதவைத் திறக்கிற இடத்தில் இருமிவிட்டு மூன்று வரியை விட்டுவிட்டார். ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒருத்தர் கொட்டாவி விட்டார். எனக்குக் கை பரபரத்தது. இதை அவர் இப்படியே வாசித்து முடிக்கட்டும், யாருக்கும் பிடிக்காமலே போகட்டும் என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. என் அத்தியாயத்தை இவர் கொலை செய்கிறாரே என்றுதான் இருந்தது.

"கொடுங்க சார், இப்படியா வாசிக்கிறது?" என்று புத்தகத்தை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

அத்தியாயத்தை முதலிலிருந்து வாசித்தேன். மேனேஜருக்குக் கட்டைக் குரல், விருந்தாளிகளுக்கு மூக்கால் பேசுகிற குரல். எல்லாம் தன்னால் வந்தது. ஒரு பக்கம் போனதும் நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். அவர்கள் சிரிக்க ஆரம்பித்ததும் நினைப்பு போய்விட்டது. கடைசி வரிக்கு வந்தேன். அந்தப் பச்சைக் கதவில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, அவள் அம்மா சிரித்த சிரிப்பை அப்படியே சிரித்தேன். அன்றைக்குப் போல அதை நான் ஒரு நாளும் சிரித்ததில்லை. கைதட்டு அடங்க நேரமாயிற்று.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். அவள் கடையிலிருந்து அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, பங்களா எப்படி இருக்கிறது, மழையா என்று இரண்டு வார்த்தை கேட்டாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் பையின் ஜிப்பைத் திறந்தபடி, "வாசிச்சீங்களா?" என்றாள்.

"இல்ல."

"நிஜமாவா? அவங்க விட்டிருக்க மாட்டாங்களே."

"தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லிட்டேன். ஹெட்மாஸ்டர்தான் வாசிச்சார். ஒருத்தருக்கும் சிரிப்பு வரலை."

அவள் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் பார்த்ததில்லை, ஏதோ ஒரு பாரம் இறங்கினவள் மாதிரி. கண் நிறைந்துவிட்டது. "ரொம்ப தேங்க்ஸ்ங்க" என்றாள். பிறகு என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, தன் அம்மா எப்படி இருப்பார், தலைக்கு எப்படி எண்ணெய் வைத்துவிடுவார் என்று சொல்ல ஆரம்பித்தாள். இதற்கு முன் என்னிடம் ஒரு நாளும் சொல்லாததெல்லாம் சொன்னாள். நான் உம் கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.