சானலுக்கும் சபைக்கும் நடுவில் எங்கள் அண்ணன்

இன்று எங்கள் வீட்டுக்கு வந்து, பதினாறாம் நாள் அடியந்திரச் சாப்பாட்டுக்கு உட்காருமுன் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணனைப் பற்றி எழுத வேண்டியவர் அப்பாதான். அவரால் முடியவில்லை. அண்ணன் மனைவி, என் மைனி, என்னைப் பார்த்து, "நீதானே திருவனந்தபுரத்துல கூட இருந்தே, நீயே எழுது" என்று சொன்னார்கள். அண்ணன் போய்ப் பதினாறு நாள் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. அதனால் எழுத முடிகிறது என்று நினைக்கிறேன்.

அண்ணன் பிறந்தது தோவாளைக்குக் கிழக்கே உள்ள இந்த ஊரில், இதே வீட்டில். அப்பாவுக்குப் பாசனச் சானலின் கடைமடையில் வயல். மேல்மடைக்காரர்கள் பாய்ச்சி முடித்து மிஞ்சினால்தான் எங்களுக்குத் தண்ணீர். மிஞ்சாத வருடங்களில் முதல் போகமான கன்னிப்பூ அறுவடைக்கு அரிவாளே எடுக்க வேண்டியிராது. அண்ணன் அப்படிப்பட்ட வருடங்களில்தான் நாகர்கோவிலுக்கு நடந்து போய்ப் படித்தார். பிறகு திருவனந்தபுரத்தில் சட்டம் படித்து வக்கீலானார். கோர்ட்டில் அவருக்குப் பெரிய பெயர் கிடையாது. மெதுவாகப் பேசுவார். எதிர்த்தரப்பு பேசும்போது முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பார். கட்சிக்காரர்களுக்கு அது பிடிக்காது.

மகாராஜா காலத்துச் சட்டசபைக்கு வரி கட்டுகிறவர்கள்தான் வோட்டுப் போட்டார்கள். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு மட்டும் வோட்டு இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்த மறு வருடம், வயது வந்த எல்லோருக்கும் வோட்டு என்று ஆனது. அப்பாவுக்கு அது ஒப்பவில்லை. "கெட்டுற வரிக்கு ஒரு மரியாதை வேண்டாமா?" என்று கேட்டார். தேர்தல் நாளன்று அண்ணன் அம்மாவையும் மைனியையும் வயல்வேலை செய்யும் பெண்களையும் கூட்டிக்கொண்டு வோட்டுச்சாவடிக்குப் போனார். வாசலிலேயே நின்றுவிட்டார். அம்மா திரும்பி வந்ததும் அப்பா கேட்டார்.

"யாருக்குப் போட்டே?"

"அதக் கேக்கப்பிடாதுன்னுல்லா சட்டம்" என்றார்கள் அம்மா.

"நான் ஒன் புருசன்."

"புருசனும் கேக்கப்பிடாதாம்."

அம்மா இன்றுவரை சொன்னதில்லை. அண்ணன் அன்று சிரித்த மாதிரி பிறகு நான் அதிகம் பார்த்ததில்லை.

1952 தேர்தலில் அண்ணன் திருவனந்தபுரம் சட்டசபைக்குச் சுயேச்சையாக நின்றார். எந்தக் கட்சியும் அவரை அழைக்கவில்லை. கடைமடை ஊர்க்காரர்கள்தான் அழைத்தார்கள். அவர்களுக்குத் தலைவர் போல இருந்தவர் சிவதாணு மாமா. அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம். மாமாதான் அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். எங்கே போனாலும் மாமா பேசுவது ஒன்றேதான். "நம்ம சானல்ல தண்ணி வந்தாப் போரும் மக்கா. வேற ஒண்ணும் நமக்கு வேண்டாம். அதைக் கேக்க நம்ம ஆளு ஒருத்தன் அங்க இருக்கணும்." அண்ணன் ஜெயித்தார். மாமா அவரைத் தோளில் தூக்கிவைத்து ஊருக்குள் கொண்டுவந்தார். அந்த வருடம்தான் மாமா தம் மகனுக்கு என்னைக் கேட்பதாக அம்மாவிடம் பேச்சைத் தொடங்கினார்.

அந்தச் சபை நீடிக்கவில்லை. 1954-ல் மறுபடி தேர்தல். அண்ணன் மறுபடி ஜெயித்தார். நான் அப்போது திருவனந்தபுரத்தில் பெண்கள் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். அண்ணன் எடுத்திருந்த சிறிய வாடகை வீட்டில் தங்கி அவருக்குச் சமைத்துப் போட்டேன். மைனி குழந்தைகளோடு ஊரில் இருந்தார்கள். அண்ணன் காலையில் குளித்து நீறிட்டு நடந்தே சபைக்குப் போவார். மாலையில் வந்து, அன்று யார் என்ன பேசினார்கள் என்று சோறு ஆறும்வரை எனக்குச் சொல்வார். அவருக்குப் பிடிக்காதவர் நன்றாகப் பேசியிருந்தால் அதைத்தான் முதலில் சொல்வார்.

அப்போது வந்த மந்திரிசபைக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை. ஒவ்வொரு உறுப்பினரின் ஆதரவும் தேவைப்பட்டது. சானலைக் கடைமடைவரை ஆழப்படுத்திக் கரை கட்டித் தருவதாகச் சொன்னார்கள். அண்ணன் ஆதரவு கொடுத்தார். அதை அவர் மறைக்கவில்லை. ஊரில் கூட்டம் போட்டு, இதற்காகத்தான் கொடுக்கிறேன் என்று சொன்னார். எல்லோரும் சரி என்றார்கள். சானல் கரையில் கல் வந்து இறங்கியது. மாமா தினமும் போய் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு வருவாராம்.

அந்த ஆகஸ்ட் மாதம் மேற்குத் தாலுகாக்களில் துப்பாக்கிச்சூடு நடந்தது. தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலம் போனவர்களைப் போலீசார் சுட்டார்கள். இதைப் படிக்கிறவர்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. அண்ணன், சூடு நடந்த ஊர்களில் ஒன்றான புதுக்கடைக்குப் போகவேண்டும் என்றார். பெண்களிடம் பேச ஒரு பெண் வேண்டும் என்று என்னையும் அழைத்தார்.

மகனைப் பறிகொடுத்த ஒரு வீட்டுக்குப் போனோம். முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கு சீவிக் காயப்போட்டிருந்தது. அந்த அம்மா அதைப் புரட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் வந்ததும் நிறுத்தவில்லை.

"நீங்க யாராக்கும்?" என்று கேட்டார்.

அண்ணன் சொன்னார்.

"எங்க பக்கத்து மெம்பர் நீங்க இல்லயே. எங்களுக்க வோட்டு ஒங்களுக்கு இல்லயே. பின்ன எதுக்கு வந்தீங்க?"

"இல்லம்மா. ஆனா இந்தச் சர்க்காரு நிக்கதுல என் கையும் இருக்கு. அதான் வந்தேன்."

அவர் அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். ஏதாவது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "எனக்க மோன் கடைக்குத்தான் போனான்" என்று மட்டும் சொன்னார். பிறகு மரச்சீனியைப் புரட்டினார். நாங்கள் கொஞ்சநேரம் நின்றோம். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் வழியே ரப்பர் மரங்கள் போய்க்கொண்டே இருந்தன. எனக்கு அந்த அம்மாவின் முகத்தைவிட அந்த மரங்கள்தான் இப்போது நினைவில் இருக்கின்றன.

அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் சபையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரும் என்று உறுதியானது. அண்ணன் ஊருக்கு வந்தார். கோயில் முன்னால் கூட்டம் கூட்டி, தாம் அந்தத் தீர்மானத்துக்கு ஆதரவாக, மந்திரிசபைக்கு எதிராக வோட்டுப் போடப்போவதாகச் சொன்னார். கூட்டத்தில் யாரும் கத்தவில்லை. சிவதாணு மாமா எழுந்தார்.

"செத்தவங்க பாவம்தான். நான் இல்லேங்கல. அதுக்கு நம்ம வயலும் சாவணுமா மக்கா? கல்லு வந்து கெடக்கு. இன்னும் ஆறு மாசம் பொறுத்தா வேல முடிஞ்சிரும். பெறவு ஒன் இஷ்டம்போல செய்."

"மாமா, நீங்க எனக்கு வோட்டுப் போட்டது சானலுக்காக. அத நான் மறக்கல. ஆனா அங்க நான் கை தூக்கினா, சுட்டதுக்கும் சேத்துத்தான் தூக்குகேன். சானலுக்கு ஒரு கை, அதுக்கு ஒரு கைன்னு ரெண்டு கை எனக்குத் தரல்ல."

"ஒன்ன அனுப்பினது நாங்க. புதுக்கடைக்காரங்க இல்ல."

"ஆமா மாமா. நீங்கதான் அனுப்பினீங்க. நான் செய்யது தப்புன்னா அடுத்த தேர்தல்ல நீங்களே என்னைத் தோக்கடியுங்க. அதுக்குத்தான் அத வச்சிருக்கு."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் பின்னால் கடைமடைக்காரர்கள் எல்லோரும் போனார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னார். "ஏலே, நம்ம வயலும் அங்கதான் கெடக்கு. அது ஒனக்கு ஓர்ம இருக்கா?" அண்ணன், "இருக்குப்பா" என்றார். மைனி இலை போட்டார்கள். சாப்பிட்டோம்.

வோட்டெடுப்பு நடந்த அன்று நான் பெண்கள் அமரும் மாடத்தில் இருந்தேன். பெரிதாக ஏதோ நடக்கப்போகிறது என்று அங்கே எல்லோரும் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் தமிழில் பேசினார். சுருக்கமாகப் பேசினார். தம் தொகுதி மக்களில் பெரும்பாலோர் தாம் இப்படி வோட்டுப் போடுவதை விரும்பவில்லை என்பதை முதலில் சொன்னார். எதிரே இருந்த ஒருவர், "பின்னெ எந்தினா இவிடெ நில்குன்னது?" என்று, அப்படியானால் இங்கே எதற்கு நிற்கிறீர் என்று, மலையாளத்தில் கேட்டார். சிலர் சிரித்தார்கள். அண்ணன் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "அவர்கள் என்னை இங்கே அனுப்பியது யோசிக்கவும்தான் என்று நம்புகிறேன். நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

மந்திரிசபை விழுந்தது. அண்ணன் ஒருவரால் விழவில்லை. அவர் இல்லாவிட்டாலும் விழுந்திருக்கும். அன்று மாலை வீட்டில் அதை அவரிடம் சொன்னேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். "அப்படின்னா நான் போடாம இருந்திருக்கலாம்னு சொல்லுகியா?" என்று கேட்டார்.

சானல் வேலை நின்றது. அடுத்து வந்த மந்திரிசபையில் அண்ணன் போய்க் கேட்டார். பார்க்கலாம் என்றார்கள். அந்த வருடம் மழையும் தாமதமாக வந்தது. கடைமடையில் கன்னிப்பூப் பயிர் கருகியது. எங்களுடையதும்தான். ஊரில் யாரும் அண்ணனைத் திட்டவில்லை. பேசுவதை நிறுத்தினார்கள். மாமா வீட்டிலிருந்து என் கல்யாணப் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை. அம்மா அதைப் பற்றி அண்ணனிடம் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. மாமா மகனுக்குச் சென்ற தை மாதம் பூதப்பாண்டிப் பக்கத்தில் பெண் எடுத்தார்கள். எங்களுக்கும் சொல்லி விட்டிருந்தார்கள். அண்ணன் போய்விட்டு வந்தார்.

அண்ணன் திருவனந்தபுரத்திலிருந்து ஊருக்கு வந்தபோதெல்லாம் கடைமடைக்குப் போவார். யார் வரப்பிலாவது நின்று, தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று கேட்பார். சிலர் சொல்வார்கள். மாமா வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அண்ணன் கொஞ்சம் நின்றுவிட்டு, "வாறேன் மாமா" என்று சொல்லித் திரும்புவார். ஏன் போகிறீர்கள் என்று மைனி கேட்டதற்கு, "நான் அவங்க மெம்பருல்லா" என்றார். பிறகு அந்த மந்திரிசபையும் விழுந்து, சபையே கலைக்கப்பட்டு, அவர் மெம்பர் இல்லாமலான பின்பும் போனார்.

சென்ற ஐப்பசியில் நம் தாலுகாக்கள் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தன. கன்னியாகுமரி மாவட்டம் என்று ஆனோம். நாகர்கோவிலில் விழா நடந்தது. அண்ணனை மேடைக்கு யாரும் அழைக்கவில்லை. அவர் அழைப்பை எதிர்பார்த்ததாகவும் எனக்குத் தெரியவில்லை. என்னையும் அவருடைய பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். சின்னவள் கொடி வேண்டும் என்று அழுதாள். வாங்கிக் கொடுத்தார். எல்லோரும் கை தட்டும்போது அவரும் தட்டினார்.

சில நாட்களில் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று இருந்துவிட்டோம். விஷக்காய்ச்சல் என்று தெரிந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நினைவு தப்பியிருந்தது. அங்கே அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வார்த்தை என்று எழுத என்னிடம் எதுவும் இல்லை. ஒரு காலை நேரத்தில் மைனி நெற்றியைத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருக்கிறது, காய்ச்சல் விட்டுவிட்டது என்றார்கள். விடவில்லை, அண்ணன் போயிருந்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது கடைமடையிலிருந்து எல்லோரும் வந்தார்கள். சிவதாணு மாமா அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "ரெண்டு வருசமா நான் ஒரு வார்த்த பேசல்ல. அவன் வாறத நிறுத்தவும் இல்ல" என்றார். அப்பா, "ம்" என்றார். எடுக்கும் நேரம் வந்ததும் மாமா எழுந்து முன்பக்கத்தில் தோள் கொடுத்தார். நான் அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உலையில் அரிசி போட வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். போட்டேன்.

மூன்று நாட்களுக்கு முன் வோட்டர் பட்டியல் சரிபார்க்க ஒருவர் வந்தார். வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியாது. முற்றத்தில் நின்று பெயர்களை வாசித்தார். அண்ணன் பெயரையும் வாசித்தார். இரண்டாவது முறை வாசித்தார். அப்பா எழுந்து போய், "அடிச்சிருங்க" என்றார். அவர் புரிந்துகொண்டு, தலையை ஆட்டி, பெயரை அடித்தார். அம்மா அவருக்குக் குடிக்க மோர் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, போகத் தயங்கி, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "இருபத்தொண்ணு முடிஞ்சவங்க புதுசா யாராவது இருக்காங்களா?"

அப்பா உள்ளே திரும்பி என்னைப் பார்த்தார். நான் வெளியே வந்து என் பெயரைச் சொன்னேன். அவர் அப்பாவின் பெயரையும் கேட்டார், சொன்னேன். எழுதிக்கொண்டு போனார்.

அண்ணனை ஆஸ்பத்திரியில் கவனித்த டாக்டருக்கும் நர்சுகளுக்கும், வண்டி கொடுத்தவர்களுக்கும், இந்தப் பதினாறு நாளும் எங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்ட அடுத்த வீட்டு அக்காமாருக்கும், தோவாளையிலிருந்து பூ கொடுத்துவிட்டு யார் கொடுத்தது என்று சொல்லாமல் போனவருக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இரண்டு தேர்தலிலும் அண்ணனுக்கு வோட்டுப் போட்டவர்களுக்கு நன்றி. போடாதவர்களும் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கும் நன்றி. எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும்.

தங்கை