கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து

என் மகளை மாதத்துக்கு ஒரு நாள், இரண்டாவது சனிக்கிழமை, காலையிலிருந்து மாலை வரை நான் வைத்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றத்தில் தீர்ப்பாகியிருந்தது. அவள் அம்மாவோடு விழுப்புரத்தில் இருந்தாள். நான் திண்டிவனத்தில் ஒரு பெயிண்ட் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, பக்கத்துத் தெருவில் ஒற்றை அறையில் தங்கியிருந்தேன். நானும் என் மனைவியும் ஏன் பிரிந்தோம் என்பது இங்கே வேண்டாம். பெரிய காரணம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாததுதான் அதில் கஷ்டம்.

அந்தச் சனிக்கிழமைகளில் என் மனைவியின் அண்ணன் அவளை வண்டியில் கொண்டுவந்து விழுப்புரம் பேருந்து நிலையத்தில் விட்டுவிட்டுப் போவார். நல்ல மனிதர். விவாகரத்துக்குப் பிறகும் என்னை மாப்ள என்றுதான் கூப்பிட்டார். அவர் போனபிறகு நானும் மகளும் நிற்போம். முழுதாக ஒரு பகல் எங்கள் முன்னால் கிடக்கும். அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. பிரியாணி சாப்பிடுவோம். படம் பார்ப்போம். துணிக்கடையில் ஏறி இறங்குவோம். மத்தியானம் வெயிலில் போக இடமில்லாமல் ஏதாவது பேக்கரியில் உட்காருவோம். அவள் என் போனை வாங்கி விளையாடுவாள். நான் அவள் தலை வகிட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதலில் என்னை 'நீ' என்றுதான் பேசினாள். "அப்பா, நீ ஏன் ஷேவ் பண்ணல?" என்று தாடையைத் தடவிப் பார்ப்பாள். பிறகு எந்த மாதத்திலோ அது 'நீங்க' ஆகிவிட்டது. எந்த மாதம் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. வெளியாள் யாராவது கேட்டால், பிள்ளை மரியாதையாகப் பேசுகிறது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அவள் ஆறாவது படிக்கும்போது ஒருநாள், பேக்கரியில் பப்ஸைப் பிய்த்துக்கொண்டே, வகுப்புத் தோழி ஒருத்தி சென்னைப் பக்கம் இருக்கிற தீம் பார்க்குக்குப் போய்வந்ததைச் சொன்னாள். "பொங்கல் லீவுல போனாங்களாம். நாள் பூரா க்யூவுலயே நின்னாங்களாம். மூணே மூணு ரைடுதான் போனாளாம்."

"உனக்குப் போகணுமா?"

தோளைக் குலுக்கினாள். "போலாம்."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன். பல மாதங்களில் அவள் வாயிலிருந்து வந்த, விருப்பம் போன்ற ஒரே சொல் அதுதான். எனக்குக் கிடைப்பது ஒரு பகல். அதை வரிசையில் நின்று தொலைக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன்.

கடையில் என்னோடு வேலை செய்தவர் ஒருவர் மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து தினமும் வந்து போவார். அவர் குடும்பத்தோடு அந்தப் பார்க்குக்குப் போய்ப் பட்டவர். அவரிடம் கேட்டேன்.

"சனி ஞாயிறு மட்டும் போயிடாத தம்பி, பெரிய பேஜாரு. நானு புள்ளைங்கள இட்டுக்கினு போயி ஒரு ராட்டினத்துக்கு நின்னேன் பாரு, சின்னவன் நின்னுக்கினே தூங்கிட்டான். வாரத்துல நடு நாளாப் பாத்து போ. கேட்டு தொறக்கறப்பவே உள்ள பூந்துடணும். வர்றவன் எல்லாம் மொத ரைடுலயே நின்னுக்குவான். நீ ஜல்தியா கடைசிக்குப் போயிடு. அங்கருந்து திரும்பி வா. தண்ணி ஆடறத மத்தியானத்துக்கு வச்சிக்கோ, அந்நேரம் எல்லாம் சோத்துக்குப் போயிருக்கும்."

அவர் சொன்னதோடு நான் நிற்கவில்லை. கடையில் கூட்டமில்லாத பிற்பகல்களில், சாயம் கலக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அந்தப் பார்க்கில் எடுத்த வீடியோக்களைப் பார்த்தேன். யார் யாரோ தங்கள் பிள்ளைகளோடு போய் எடுத்துப் போட்டவை. நான் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் வரிசை எவ்வளவு நீளம், எந்த ராட்டினத்துக்கு எந்தப் பக்கம் படி, உணவகம் எங்கே என்று பார்த்தேன். கொஞ்ச நாளில் போகாத ஊரின் வழியெல்லாம் மனப்பாடமாகிவிட்டது. அமாவாசையாக இருக்கக் கூடாது என்பதையும் யோசித்தேன். அன்றைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குச் சிறப்புப் பேருந்து என்று வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள். காலையில் விழுப்புரத்தில் நின்றால் சென்னை வண்டியில் கால் வைக்க முடியாது.

வார நாள் வேண்டுமென்றால் பள்ளிக்கு விடுமுறை வேண்டும். எல்லாப் பள்ளிக்கும் விடுமுறை என்றால் பார்க்கில் கூட்டம் வந்துவிடும். மச்சானுக்கு போன் செய்தேன்.

"பாப்பா ஸ்கூலுக்கு மட்டும் லீவு வர்ற மாதிரி நாள் எதாச்சும் இருக்கா மச்சான்? சனிக்கிழமைக்குப் பதிலா அன்னிக்குக் கூட்டிக்கினு போறேன்."

கொஞ்சம் யோசித்தார். "ஆண்டு விழா வருதே மாப்ள. ராத்திரி நேரமாயிடும்னு மறுநாள் லீவு வுடறாங்க. புதன்கிழமை. இருங்க, தங்கச்சிகிட்ட கேட்டுச் சொல்றேன்."

மறுநாள் அவரே கூப்பிட்டார். "சரின்னுடுச்சு. இருட்டறதுக்குள்ள வந்துடணும்னு சொல்லுது."

எனக்கு வந்த சந்தோஷத்தில் கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். ஒரே ஒரு பள்ளிக்கு மட்டும் விடுமுறை, அதுவும் புதன்கிழமை. இதைவிடப் பொருத்தமான நாள் அமையாது.

புதன்கிழமை விடிகாலையில் முதல் பேருந்தைப் பிடித்து விழுப்புரம் போய் அவளை அழைத்துக்கொண்டேன். கண்ணெல்லாம் தூக்கமாக இருந்தாள். சென்னை வண்டியில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன். வண்டி திண்டிவனம் மேம்பாலத்தில் ஏறியபோது, "அதோ, அந்தத் தண்ணி டேங்க் தெரியுது பாரு, அதுக்குப் பின்னாலதான் நான் இருக்கற வீடு" என்றேன். கண்ணைத் திறந்து அந்தப் பக்கம் பார்த்தாள். "ம்" என்றாள். அதற்குள் மேம்பாலம் முடிந்துவிட்டது.

பார்க்கில் நான் திட்டமிட்டபடியே எல்லாம் நடந்தது. கேட்டைத் திறக்கும்போது வாசலில் பத்திருபது பேர்கூட இல்லை. அவர்கள் முதல் ராட்டினத்தில் நின்றார்கள். நான் மகளின் கையைப் பிடித்து நேராகக் கடைசிக்கு அழைத்துப் போனேன். "எல்லாரும் அங்க நிக்கறாங்களே" என்றாள். "நீ வா, அப்பா சொல்றேன்" என்றேன். பல காலத்துக்குப் பிறகு அந்தக் குரலில் அவளிடம் பேசினேன்.

பெரிய ராட்டினத்துக்கு முன்னால் இரும்புக் கம்பிகளை வளைத்து வளைத்து வரிசைக்கு வழி கட்டியிருந்தார்கள். அங்கங்கே பலகைகள். 'இங்கிருந்து காத்திருக்கும் நேரம் ஒரு மணி' என்று ஒன்று. இன்னும் நாலு வளைவு தள்ளி, 'இங்கிருந்து அரை மணி'. நாங்கள் இரண்டு பேர் மட்டும் அந்தப் பலகைகளைத் தாண்டித் தாண்டி நடந்தோம். எங்கள் செருப்புச் சத்தம் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. ஏறினோம், சுற்றினோம், இறங்கினோம். ராட்டினம் மேலே போனபோது அவள் கத்தினாள். என் கையைப் பிடிப்பாள் என்று பக்கத்திலேயே வைத்திருந்தேன். முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கூட்டம் இல்ல சார், எறங்க வாணாம். இன்னொரு ரவுண்டு போறீங்களா?" என்று இயக்குகிறவர் கேட்டார்.

அவளைப் பார்த்தேன். "வேணாம்" என்றாள்.

அப்படியே ஒன்றன்பின் ஒன்றாக முடிந்துகொண்டே வந்தது. ஒரு ராட்டினம் சில நிமிடம்கூட ஓடாது. அடுத்ததற்கு நடப்போம், ஏறுவோம், முடிந்துவிடும். ஏறும்போது பேச முடியாது, இறங்கினால் அடுத்தது தயாராக நிற்கும். அவள் முகத்தில் சந்தோஷமா, அலுப்பா என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. நான் பார்த்து வைத்திருந்ததில் பாதிக்கு மேல் முடிந்தபோது வெயில்கூடச் சரியாக ஏறவில்லை.

தண்டவாளத்தில் தலைகீழாகச் சுற்றிவரும் வண்டிக்கு வந்தோம். எங்களுக்கு முன்னால் கல்லூரிப் பையன்கள் சிலர் நின்றார்கள். வண்டியில் ஏதோ கோளாறு, சரிசெய்துகொண்டிருக்கிறார்கள், காத்திருங்கள் என்று அங்கே வேலை செய்பவர் சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது. மகள் கம்பிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கொட்டாவி விட்டாள்.

"தூக்கம் வருதா?"

"நேத்து லேட்டாயிடுச்சுப்பா. டிரெஸ்லாம் கழட்டி, மேக்கப் கழுவி, சாப்ட்டு படுக்க ரொம்ப நேரமாச்சு."

"என்ன மேக்கப்?"

ஆச்சரியமாகப் பார்த்தாள். "ஆண்டு விழாப்பா. ரெண்டு டான்ஸ்ல இருந்தேன்ல." விரல் நுனிகளை விரித்துக் காட்டினாள். அரைகுறையாகக் கழுவிய சிவப்புச் சாயம். காலையிலிருந்து அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டு நடந்திருந்தேன்.

"ரெண்டாவது டான்ஸ்ல நான்தான் முன்னாடி. பாதியில பாட்டு நின்னுடுச்சு. பென்டிரைவ் கோளாறாம். நாங்க நிக்கவே இல்லப்பா. பாட்டு இல்லாமலே ஆடிக்கினு இருந்தோம். மிஸ்ஸு சைடுல நின்னுக்கினு ஒன் டூ த்ரீ ஃபோர்னு வாயாலயே சொல்றாங்க. சின்னப் பொண்ணு ஒண்ணு அழ ஆரம்பிச்சிடுச்சு, அழுதுக்கினே ஆடுது." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்பியிலிருந்து குதித்து, சிமென்ட் தரையில் கால் தட்டி எப்படி ஆடினார்கள் என்று காட்டினாள். கல்லூரிப் பையன்களில் ஒருவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவள் வெட்கப்பட்டு என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். என் சட்டையைப் பிடித்திருந்தாள்.

"யாரு யாரு பாக்க வந்தாங்க?"

"அம்மா, மாமா, அத்தை, மேல்வீட்டு ஆன்ட்டி, எல்லாரும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே பாப்பா."

"உங்களுக்கு சனிக்கிழமைதானே" என்றாள்.

குத்திக்காட்டவில்லை. அவள் குரலில் கோபமே இல்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். ஆண்டு விழா என்று மச்சான் சொன்னபோது என் காதில் விழுந்தது லீவு என்ற சொல் மட்டும்தான். இருபது வீடியோ பார்த்தவன், விழாவில் நீ என்ன செய்கிறாய் என்று கேட்டிருக்கவில்லை.

முதல் டான்ஸ் என்ன என்று கேட்க வாயெடுத்தேன். அப்போது மணி அடித்து, "ரெடி, வாங்க வாங்க" என்று கம்பியைத் திறந்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரம் அது பழுதாகவே கிடக்கக் கூடாதா என்று இருந்தது. அவள் என் சட்டையை விட்டுவிட்டு முன்னால் ஓடி, காலி இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். இறங்கியபிறகு கேட்டேன். "சும்மா, குரூப் டான்ஸ்தான்" என்றாள். பேச்சு அதோடு போய்விட்டது. மறுபடி அதை எங்கே தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

உணவகத்தில் அத்தனை மேசைகளும் காலியாக இருந்தன. நூடுல்ஸை முட்கரண்டியில் சுற்றிக்கொண்டே, "தண்ணி ரைடு வேணாம்பா. முடி நனைஞ்சா அம்மா திட்டுவாங்க. நாளைக்கு டெஸ்ட் வேற இருக்கு. போலாமா?" என்றாள்.

"இன்னும் நெறைய நேரம் இருக்கே."

"எல்லாம்தான் போயாச்சே."

அது உண்மை. எல்லாம் போயாகிவிட்டது.

பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அடுத்த மாசத்துலருந்து சனிக்கிழமை கிளாஸ் போடறாங்க. ரெண்டாவது சனிக்கிழமையும் இருக்கும். நான் வரலன்னா கோச்சிக்குவீங்களா?"

இந்தக் கேள்வியை அவள் காலையிலிருந்தே, ஒருவேளை அதற்கும் முன்னாலிருந்தே சுமந்துகொண்டு வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. யார் சொல்லிக்கொடுத்தும் கேட்கவில்லை. சொல்லிக்கொடுத்திருந்தால் முகம் வேறு மாதிரி இருந்திருக்கும். என் மனம் நோகக் கூடாது என்று பயந்துகொண்டு கேட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இல்ல பாப்பா. படிப்புதான் முக்கியம்" என்றேன்.

"தேங்க்ஸ்பா" என்றாள்.

திரும்பி வரும்போது பேருந்தில் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கினாள். கம்பி இடிக்குமே என்று அவள் தலைக்கும் கம்பிக்கும் நடுவில் என் கையை வைத்துக்கொண்டே வந்தேன். திண்டிவனம் வந்தது, போனது. விழுப்புரத்தில் இறங்கியபோது நல்ல வெளிச்சம் இருந்தது. அவள் என் போனை வாங்கி மாமாவைக் கூப்பிட்டாள். "சீக்கிரமே வந்துட்டோம் மாமா, வாங்க." அவர் வரும்வரை குளிர்பானக் கடை ஓரத்தில் நின்றோம். ஏதாவது வாங்கித் தரட்டுமா என்று இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் வேண்டாம் என்றாள்.

மச்சான் வண்டியை நிறுத்தி, "கூட்டம் எப்படி மாப்ள?" என்றார்.

"கூட்டமே இல்ல."

"நல்லதாப் போச்சு. இல்லன்னா நின்னு நின்னு பேஜாராயிருக்கும்." என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பினார். அவள் பின்னால் ஏறி, அவர் இடுப்பைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டு, எனக்கு டாட்டா காட்டினாள்.

அதற்கடுத்த மாதம் அவள் வரவில்லை. அதற்கடுத்த மாதம் பேக்கரிக்கு வந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனாள். பிறகு அதுவும் நின்றது. வக்கீலிடம் போனேன். மனு போடலாம், உத்தரவு இருக்கிறது, கூட்டிவந்து விட்டே ஆக வேண்டும் என்றார். உத்தரவுக்காக வந்து என் எதிரில் உட்கார்ந்து, நான் நோகாமல் இருக்க மெதுவாகப் பேசும் பிள்ளையை நினைத்துப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்துவந்தேன்.

மச்சான் எப்போதாவது போன் செய்வார். "அவளா வர்றேன்னு சொல்லட்டும் மாப்ள, அன்னிக்கே நானே கூட்டிக்கினு வந்து வுடறேன்" என்பார். சரி என்பேன். சில சமயம் போனை அவளிடம் கொடுப்பார். "நல்லா இருக்கீங்களாப்பா? சாப்ட்டீங்களா?" என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்பேன். அதற்குமேல் என்ன கேட்பது என்று நான் யோசிப்பதற்குள், "மாமாகிட்ட தர்றேன்" என்று போனைக் கொடுத்துவிடுவாள்.